ஆரத்தி சுற்றுவதற்கு முன்

அந்த அறிக்கையில் அக்காவின் படம் இருந்தது. தோட்டத்துக் கோயிலின் நுழைவாயில் வளைவுக்குக் கீழே, கையில் ஆரத்தித் தட்டோடு நின்று சிரிக்கிறார். எதிரே உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், கழுத்தில் சாமந்தி மாலை, தோளில் பொன்னாடை. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘குடியிருப்பாளர்கள் குழுவை அன்போடு வரவேற்றார்கள். குறைகள் எதையும் அவர்கள் தெரிவிக்கவில்லை.’

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அவருடைய வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இதை நான் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கோப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தார்.

“சேலை நல்லாத்தான் இருக்கு,” என்றார். பிறகு, “நான் சிரிச்சதையா எழுதிருக்காங்க?” என்று கேட்டார்.

எதையும் தேதி போட்டு எழுதிப் பழகியவன் நான். ஈப்போவில் அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், கிந்தா வட்டாரத்துத் தோட்டங்களின் கதையைச் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். எந்தத் தோட்டம் எப்போது திறந்தது, பள்ளிக்கூடம் எப்போது மூடியது, கடைசிப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், எப்போது விழுந்தது என்பதெல்லாம் என்னிடம் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் மட்டும் தேதியும் பெயரும் இல்லை. இன்னும் அங்கே குடியிருப்பவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். மாதத்தையும் பண்டிகையையும் வைத்துச் சொல்கிறேன். வரிசை பிசகாது.

அக்கா என் பெரியம்மா மகள். செமோருக்கு உள்ளே இருக்கும் அந்தத் தோட்டத்தில் சிறு வயதிலேயே பால்மரம் சீவப் போனவர். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது வேலை போயிற்று. செம்பனைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். அக்கா ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். விடியுமுன் வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும். கணவர் இல்லை, மகன் ஜொகூரில். லயத்தில் அதே வீட்டில் அதே கதவைப் பூட்டித் திறந்துகொண்டு இருந்தார். அவரைப் போல இன்னும் பல குடும்பங்கள் அங்கே இருந்தன. வீடு கம்பெனியுடையது. தீபாவளி முடிந்ததும் காலி செய்ய வேண்டும், லயத்தை இடிக்கப்போகிறோம் என்று கம்பெனியிலிருந்து சூராட், அதாவது கடிதம், வந்திருந்தது.

அதே சமயத்தில்தான் அந்த அறிக்கையை வெளியிட்ட அனைத்துலக அமைப்பு தன் கொள்கையைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தது. ரப்பரும் செம்பனை எண்ணெயும் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், தோட்ட முதலாளிகள், சில தொண்டு அமைப்புகள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். எங்கள் தோட்டத்துக் கம்பெனியும் உறுப்பினர்தான். கொள்கையை மீறினால் பெரிய கம்பெனிகள் சரக்கை வாங்கமாட்டா. வரைவில் ஒரு வாக்கியம் இருந்தது. ஒரு குடியிருப்பை அகற்றுமுன் தோட்டத்தில் வேலை செய்பவர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் கலந்து பேச வேண்டும் என்று அது சொன்னது. அக்கா இப்போது அங்கே வேலை செய்யவில்லை. ஆகவே அவரிடம் யாரும் எதையும் பேசத் தேவையில்லை. ‘அங்கே குடியிருப்போர்’ என்று கூடுதலாக ஒரு வார்த்தை சேர்ந்தால் லயத்தின் மேல் உடனே கை வைக்க முடியாது. சேர்க்காமல் போனால் தீபாவளிக்குப் பிறகு இடிப்பார்கள்.

இதையெல்லாம் எங்களுக்கு விளக்கியவர் ஈப்போவில் தொழில் செய்யும் ஓர் இளம் வழக்கறிஞர், செட்டிநாட்டுக் குடும்பத்துப் பெண். அந்த அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். கொள்கையை முடிவு செய்யுமுன் உறுப்பினர் அல்லாத வெளித் தரப்பினரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது அமைப்பின் விதி என்றார்.

“அந்த வெளித் தரப்பு யாரு?” என்றார் அக்கா.

“நீங்கதான் ஆன்ட்டி.”

“நான் இந்த வீட்டுக்குள்ள பொறந்தவ லா. நான் வெளி, டயர் கம்பெனி உள்ளயா?”

வழக்கறிஞர் சிரிக்கவில்லை. அறிக்கை எழுதிய அமைப்பின் குழு ஆடி மாதத்தில் மறுபடியும் பேராக்குக்கு வருகிறது, அதுதான் கடைசிச் சுற்று, உங்கள் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வைத்திருக்கிறேன் என்றார். என்னை மொழிபெயர்ப்பாளராக இருக்கச் சொன்னார்.

முதல் தடவை அவர்கள் வந்தபோது நான் அங்கே இல்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்ன நடந்தது என்று பிறகு பலரிடம் தனித்தனியாகக் கேட்டேன். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். உறுமி அடித்தார்கள், ஆரத்தி எடுத்தார்கள், மாலையும் பொன்னாடையும் போட்டார்கள். கோயில் தலைவர் வரவேற்புரை ஆற்றினார். வேறொருவர் நன்றியுரை சொன்னார். வாழை இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினார்கள். கிளம்புகிற நேரத்தில், உங்களுக்கு ஏதும் பிரச்சினை உண்டா என்று அந்தப் பெண்மணி கேட்டிருக்கிறார். பக்கத்தில் மேனேஜர் நின்றிருக்கிறார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று தலைவர் சொல்லியிருக்கிறார். மாலை போட்டு உட்காரவைத்தவரிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தெரிந்த விஷயம். அறிக்கை எழுதியவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது வருகையைப் பற்றிப் பேச ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூடினோம். தலைவர் லோரி குத்தகைக்காரர். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார்.

“இந்தத் தடவ லகாட்லருந்து நாதஸ்வரம் சொல்லிருக்கேன். போன தடவ வெறும் உறுமியோட போச்சு. எனக்கு மனசே ஆறல.”

“அண்ணே, அவங்க கல்யாணத்துக்கா வாராங்க?” என்றார் அக்கா.

“வர்றவங்கள வெறுங்கையோட கூப்புட முடியுமா? நம்ம என்ன ஆளுங்க?”

“ஒரு மணி நேரந்தான் அண்ணே. நாதஸ்வரத்துக்கே பாதி போயிரும். வாயத் தொறக்க எங்க நேரம்?”

“சாப்புடறப்ப பேசலாம் லா.”

“போன தடவயும் சாப்புடறப்ப பேசுனாங்க. அப்பளத்த எப்படிப் பொரிச்சீங்கன்னு கேட்டாங்க.”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

“மேனேஜர் கூடவே வாராரு. கோயில் நிக்கிற நெலமும் கம்பெனியோடதுதான். நீங்க வீட்டப் பத்தி ஒன்னு சொல்லுவீங்க. நாளைக்குக் கோயில எடுன்னு அவங்க ஒன்னு சொன்னா யாரு பதில் சொல்றது? நானா, நீங்களா?”

அவர் ஏன் அப்படி ஓடியாடி வரவேற்கிறார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. வந்தவர்களைக் குளிரவைத்து அனுப்பினால் கோயில் தப்பும் என்று அவர் நினைத்தார். மற்றவர்களுக்கும் அதே பயம் இருந்திருக்க வேண்டும். நாதஸ்வரம், ஆரத்தி, மாலை, தலைவர் உரை, கடைசியில் பத்து நிமிடம் கருத்துப் பரிமாற்றம் என்று முடிவாயிற்று. ஆரத்தி எடுக்க வழக்கம்போல அக்காவைச் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மழை மேகம் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நாதஸ்வரக்காரர்கள் வந்து மோட்டோவை நிறுத்திவிட்டுச் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார்கள். குழு வரவில்லை. வழக்கறிஞர் அவர்களோடு வேனில் இருந்தார். அவரிடமிருந்து என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: முந்தைய இடத்திலேயே நேரம் போய்விட்டது, சாயங்காலம் கோலாலம்பூரில் விமானம் பிடிக்க வேண்டும், உங்களுக்கு அரைமணி நேரம் கிடைத்தாலே பெரிது.

தலைவரிடம் காட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யோசித்தார்.

“நாதஸ்வரத்த மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கலாம்.”

“உங்க உரை?”

“அது சின்னதுதான் சார்.”

அக்கா மண்டபத்து ஓரத்தில் குந்தி உட்கார்ந்து தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீர் சிவந்ததும் நடுவில் வெற்றிலையை மிதக்கவிட்டார். அதன் மேல் சூடத்தை வைத்தார். கொஞ்சம் யோசித்து, டப்பாவைத் திறந்து இன்னொரு கட்டியையும் வைத்தார்.

மழை தூறத் தொடங்கியபோது வேன் வந்தது. அதற்கு முன்னால் மேனேஜரின் வண்டி. மேனேஜரும் தமிழர்தான், தைப்பிங் பக்கத்துக்காரர். அவர் இறங்கி எல்லாருக்கும் கும்பிடு போட்டார். வேனிலிருந்து நாலைந்து பேர் இறங்கினார்கள். படத்தில் இருந்த அந்தப் பெண்மணி முன்னால் நடந்து வந்தார். நாதஸ்வரம் எழுந்தது. வளைவுக்குக் கீழே அக்கா தட்டோடு நின்றார். வழக்கம் தெரிந்தவராக அந்தப் பெண்மணி கை கூப்பிச் சிரித்துக்கொண்டு அவர் முன் வந்து நின்றார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள். உள்ளே தலைவர் மாலையைக் கையில் விரித்துப் பிடித்திருந்தார்.

சூடம் எரிந்தது. அக்கா தட்டைச் சுற்றவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. நாதஸ்வரக்காரர் இன்னொரு வரி வாசித்தார். தட்டு அசையாமல் இருந்ததைப் பார்த்து அவரும் நிறுத்தினார். ஆரத்தி எதிரே இருக்கும்போது அதைத் தாண்டி யாரும் உள்ளே போக மாட்டார்கள். சுற்றி முடித்துப் பொட்டு வைத்துத் தண்ணீரை ஓரமாக ஊற்றும்வரை வந்தவர்கள் நிற்கத்தான் வேண்டும்.

“தம்பி, இங்க வா,” என்றார் அக்கா. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். “நான் சொல்றத அப்படியே சொல்லு. நீயா ஒன்னும் சேக்காத.”

தலை ஆட்டினேன். தட்டில் தண்ணீர் அலைந்தது.

“அம்மா, உள்ள போய்ட்டா மேளம், மாலை, பேச்சு. உங்களுக்கு நேரம் போயிரும். அதான் இங்கயே சொல்லிடறேன். போன தடவயும் நான்தான் இந்தத் தட்டப் புடிச்சேன். உங்க புத்தகத்துல என் படம் இருக்கு.”

சொன்னேன். அந்தப் பெண்மணி கூப்பிய கையை இறக்காமல் கேட்டார்.

“நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். வந்தவங்க முன்னால மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாதுன்னு சிரிச்சேன். வீட்ட இடிக்கிறதுக்குச் சரின்னு சிரிக்கல.”

“அக்கா, சுத்திட்டு விடுங்க லா, மழ வருது,” என்றார் மேனேஜர். மரியாதையாகத்தான் சொன்னார். நான் ஆங்கிலத்தில் தொடங்கியபோது என் பக்கம் சாய்ந்து, “சார், வீடு இடிக்கிறதெல்லாம் இப்ப வேணாம். பொதுவா சொல்லுங்க,” என்றார்.

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டு சேர்த்தவன் நான். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உங்க சட்டத்துல வேல செய்றவங்ககிட்டதான் கேக்கணும்னு இருக்காம்,” என்றார் அக்கா. “நான் வேலய விடல அம்மா. அவங்கதான் மரத்த வெட்டுனாங்க. நான் அங்கயேதான் நிக்கிறேன். எங்ககிட்ட யாரும் ஒன்னும் கேக்கல. சூராட்தான் வந்துச்சு. தீபாவளிக்கு அப்பறம் நான் எங்க போறதுன்னு அதுல எழுதல.”

பின்னால் நின்ற ஓர் இளைஞர் கைப்பேசியில் வேகமாகக் குறிப்பெடுத்தார். அந்தப் பெண்மணி கைகளை இறக்கினார். அவர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லுமுன் உங்களை அழைத்து யாரும் பேசியதே இல்லையா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

“இல்ல,” என்றார் அக்கா.

“உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?” என்று அடுத்துக் கேட்டார் அந்தப் பெண்மணி.

அக்கா திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். மண்டபத்தில் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் வெற்றிலை ஒருபக்கம் சாய்ந்து, சூடம் தண்ணீரில் விழுந்து சீறி அணைந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. சுற்றாத ஆரத்தி அணைந்தது நல்லதில்லை என்று அங்கே எல்லாருக்கும் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. யாராவது ஒருவர் இப்போது வாயைத் திறக்காவிட்டால் அக்கா ஒருத்தியின் புலம்பல் என்று இது போய்விடும். அவரும் அதைத்தான் நினைத்தார் என்பது மண்டபத்தை விட்டு அவர் கண்ணை எடுக்காததில் தெரிந்தது.

தலைவர் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் மேனேஜரைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார். பிறகு மாலையைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு வளைவுக்கு வெளியே வந்தார்.

“எல்லாருக்கும்தான்,” என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. “சொல்லுங்க சார். யார்கிட்டயும் கேக்கல. போன தடவ எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னவன் நான்தான். கோயிலுக்குப் பயந்து சொன்னேன்.”

அதையும் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தூறலில், வளைவுக்கு வெளியிலேயே பேச்சு நடந்தது. அவர்கள் கோயிலுக்குள் வரவே இல்லை. கிளம்பும்போது அந்தப் பெண்மணி அக்காவிடம் சொன்னார்: “நான் எழுதத்தான் முடியும். முடிவு செய்வது உறுப்பினர்கள். உங்கள் கம்பெனிக்கும் அதில் ஓட்டு உண்டு. எதையும் உறுதி சொல்ல என்னால் முடியாது.”

அக்கா அதைக் கேட்டுவிட்டு, “பொட்டாவது வெச்சுக்கிட்டுப் போகச் சொல்லு,” என்றார். சிவந்த தண்ணீரில் விரலைத் தொட்டு அவரே வைத்துவிட்டார்.

வேன் போனதும் தலைவர் நாதஸ்வரக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாடு அப்படியே இருந்தது. “அவ்வளவு அப்பளத்த யாரு திங்கறது?” என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் அக்காவிடம் பேசவில்லை. அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளிலும் பேசவில்லை.

உறுப்பினர்களின் கூட்டம் வேறொரு நாட்டில், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில். அதுவரை அக்கா சாமான்களைக் கட்டவும் இல்லை, புதிதாக எதுவும் வாங்கவும் இல்லை. லயத்தின் இன்னொரு கோடியில் இரண்டு குடும்பங்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்குப் போய்விட்டன. காலி வீடுகளின் கதவுகளைக் கம்பெனி ஆட்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அக்கா எனக்குப் போன் பண்ணுவார். “என்ன, எழுதிட்டாங்களா?” என்பார். இல்லை என்பேன். வைத்துவிடுவார். அந்த வாரத்தில் அவர் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் பண்ணினேன். என் குரலைக் கேட்டே, வழக்கறிஞரிடமிருந்து செய்தி வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

வார்த்தை சேர்ந்திருந்தது. ஆனால் வாக்கியம் இளைத்திருந்தது. ‘அங்கே குடியிருப்போரின்’ சம்மதம் பெற வேண்டும் என்று குழு எழுதிக் கொடுத்ததை உறுப்பினர்கள் ஏற்கவில்லை. அவர்களோடும் கலந்து பேச வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

“அப்படின்னா?”

“உங்களோட பேசாம இடிக்க முடியாது. பேசிட்டு இடிக்கலாம்.”

“சரி, பேசட்டும்,” என்றார் அக்கா.

தீபாவளி அந்த வீட்டிலேயே கழிந்தது. சூராட்டில் சொல்லியிருந்த நாள் வந்தது, போனது, இயந்திரம் வரவில்லை. அடுத்த மாதம், கலந்து பேச வருகிறோம் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. மேனேஜரும் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேரும். தகவல் தலைவருக்குத்தான் வந்தது. அவர் அன்று சாயங்காலம் அக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அங்கே இருந்தேன்.

“மாலைக்குச் சொல்லவா?” என்று கேட்டார்.

“நாற்காலி போதும் அண்ணே,” என்றார் அக்கா.

“கோப்பி?”

“பேசி முடிச்சப்பறம்.”

தலைவர் கொஞ்சம் நின்றார். “கோயில் நெலத்தையும் கேக்கணும்,” என்றார்.

“கேளுங்க. நானும் கூட ஒக்காந்திருப்பேன்.”

அவர்கள் வந்த அன்று காலையில் அக்கா வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தார். மண்டபத்தில் எதிரும் புதிருமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேளம் இல்லை, தட்டு இல்லை. வந்தவர்கள் வளைவுக்குக் கீழே வந்ததும் பழக்கத்தில் ஒரு கணம் நின்றார்கள். எதிரே யாரும் இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அக்கா முதல் வரிசையில், தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாங்க என்ன சொல்ல வாரோம்னா,” என்று ஆரம்பித்தார்.

“மொதல்ல நாங்க,” என்றார் அக்கா.